எல்லாக் காமெடியும் பார்த்தவள்

1

விசா நீட்டிப்பு விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘நகைச்சுவைப் படங்கள் பார்க்க’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கண்டியில் அந்த விசா அலுவலக ஜன்னலுக்குள் இருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இரண்டாவது தடவை வாசித்தார். விளையாட்டா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, உண்மைதான் என்றேன். என் சிங்களம் இருபத்திரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த சிங்களம். பாதி வாக்கியத்தில் நின்றுவிடும், மீதியை ஆங்கிலத்தில் தள்ள வேண்டும். அண்ணனுக்குச் சுகமில்லை, பேச்சு போய்விட்டது, அது திரும்பி வர நான் படம் பார்த்தாக வேண்டும் என்று ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். நல்ல மனுஷி. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, அவரே ‘குடும்பத்தில் நோய்’ என்று எழுதி, கையெழுத்தை மட்டும் போடச் சொன்னார்.

கண்டியில் பிறந்தவள் கண்டியில் இருக்க அனுமதி கேட்டு நிற்கிற கதையை முன்பே இரண்டு தடவை எழுதிப் புலம்பிவிட்டேன். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் படிவத்தில் நான் எழுதியது சத்தியமான வார்த்தை. பொய்யெல்லாம் அதற்கு முன்னால் சொன்னது.

2

இந்தக் குறிப்புகளை வழக்கமாக இங்கிலாந்திலிருந்து எழுதுவேன். இந்த முறை கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், பெரியண்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் எதிர்க் கதிரையில் இருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அண்ணன் பெயர் செல்வராஜ். முப்பது வருடம் தனியார் பஸ்களுக்கு டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும் என்று குறித்து, நகராத டிரைவரை விரட்டுகிற வேலை. கையில் இருந்த விசிலை அவர் ஊதி நான் பார்த்ததில்லை. தொண்டையே போதும். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸுக்குக்கூட அவர் ஏசுவது கேட்கும் என்பார்கள்.

அப்படிப்பட்ட தொண்டைக்கு மூன்று மாதத்துக்கு முன் பூட்டு விழுந்தது. காலையில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் விழுந்திருக்கிறார். பக்கவாதம். வலது கை கொஞ்சம் தேறிவிட்டது, நடக்கிறார், நாம் சொல்வதெல்லாம் விளங்குகிறது. வார்த்தைதான் வரவில்லை. ‘வந்து… வந்து…’ என்று தொடங்குவார், பிறகு கையை விரிப்பார். அண்ணி சரோஜா டெலிபோனில் இதைச் சொன்னபோது நான் அழவில்லை. வேலைத்தலத்தில் லீவு கேட்கப் போனேன். அங்கே போய்த்தான் அழுதேன், அதுவும் மேலாளர் முன்னால். அதனாலோ என்னவோ, சம்பளமில்லாத லீவு உடனே கிடைத்தது.

3

இனி என் பொய்யைச் சொல்கிறேன்.

எனக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். விடிய முன்னமே பஸ் பிடித்தால் மாலை நாலு மணிக்கு வீடு. மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அதில் ஐந்து ‘ஓம்’, ஆமாம் என்பதற்கு. அந்த ஓம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அண்ணனோடு பேசும்போது வாய்தவறி ஓம் என்றால், “யாரு பேசுறது, எங்க பத்மாவைக் கூப்பிடுங்க” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனுடைய கோல் வரும். எனக்குக் காலை எட்டு மணி, அவர்களுக்குப் பகல் சாப்பாட்டு நேரம். சுகம் விசாரிப்பது இரண்டு நிமிடம். பிறகு படம். அண்ணன் காமெடிப் பைத்தியம். இந்தப் படம் பார்த்தியா, அந்த டீவி நாடகம் பார்த்தியா, ஊரே சிரிக்குது, கட்டாயம் பாரு என்பார். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக்கொள்வேன். அடுத்த ஞாயிறு பார்த்தாயா என்று கேட்பார். முதல் இரண்டு தடவை நேரமில்லை என்றேன். மூன்றாவது தடவை அவர் குரல் சுருங்கியது. அதைத் தாங்க முடியாமல், “பார்த்தேண்ணே, சிரிச்சு சிரிச்சு வயிறே புண்ணாயிருச்சு” என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் எல்லாம் பார்த்தவள்.

பார்க்காததற்குக் காரணம் நேரமில்லை என்பதல்ல. நேரம் இருந்தது. ஒன்றிரண்டு தடவை போட்டும் பார்த்தேன். கணவர் வேலையில், மகன் அறைக்குள், நான் மட்டும் சோபாவில். காமெடி ஓடுகிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக உட்கார்ந்து அழலாம், தனியாகச் சிரிக்க என்னால் முடியவில்லை. கண்டியில் மெட்னி ஷோவுக்கு அண்ணன் கூட்டிப்போவார். அவர் முந்தின நாளே ஒருதடவை பார்த்துவிட்டு வந்திருப்பார், ஆகவே பகிடி வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவர் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வரும். அதற்கே பழகிப்போன உடம்பு, சோபாவில் தனியாக என்ன செய்யும்?

ஆகவே எல்லோரிடமும் பொய். சலவைக்கூடத்தில் தேநீர் நேரத்தில் ஓர் ஆங்கிலக் காமெடித் தொடரைப் பற்றிப் பேசுவார்கள், விருதெல்லாம் வாங்கிய தொடராம். மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். மகன் கவின் பன்னிரண்டு வயதில் ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான், அம்மா பார்க்க வேண்டியவை என்று. பதினொரு பெயர். பார்த்தேன், நல்லா இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். எது பிடித்தது என்று கேட்டான். எல்லாமே என்றேன். பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். இப்போது பல்கலைக்கழகத்தில். வீட்டுக்கு வந்தால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி மாடி ஏறுவான். என்னடா என்றால், ஒன்றுமில்லை, உங்களுக்கு விளங்காது என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணனிடம் மட்டும் பொய் கொஞ்சம் வேறு மாதிரி ஆனது. அவர் படத்தில் ஒரு கட்டத்தை எடுத்து, குரல் மாற்றி, முழுவதும் சொல்லிக் காட்டுவார். “ஆமாண்ணே, அந்த இடம்தான், அதுல நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன்” என்பேன். முதல் சில வருடம் அது நடிப்பு. பிறகு பிறகு உண்மையாகவே சிரிப்பு வந்தது. டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். பழைய படங்களை விட இந்தக் காலத்துப் படங்களில்தான் காமெடி நன்றாக இருக்கிறது என்று பார்க்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

4

கண்டி வந்த மூன்றாம் நாள் அண்ணனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பயிற்சி கொடுப்பவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண், முப்பது வயதிருக்கும். அண்ணனை அவர்கள் வழக்கப்படி ‘நானா’ என்றுதான் கூப்பிட்டார், அண்ணா என்பதுபோல. படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். அண்ணன் கோப்பையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது வருடம் ஊரையே விரட்டிய மனிதர், ஒரு சாவிக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் எங்களை வெளியே அழைத்து, ஆரம்ப மாதங்களை வீணாக்கக் கூடாது என்றார். நானாவுக்கு வாயில் ஊறிப்போன விஷயம் எது, பாட்டா, மந்திரமா என்று கேட்டார். அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல் படக் காமெடி என்றார். இருபது வருடமாகத் தங்கச்சிக்கு வாரா வாரம் சொல்வார், இவளும் எல்லாம் பார்த்தவள் என்றார்.

“அப்ப லேசு. நீங்க முதல் வரியை எடுத்துக் குடுங்க, மிச்சத்த நானா முடிக்கட்டும்” என்றார் அந்தப் பெண்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதவிடுக்கில் அண்ணனும் பார்த்தார்.

எனக்கு ஒரு வரியும் தெரியாது. அவர் சொன்ன கட்டங்கள் கதையாக நினைவிருந்தன. வசனம்? எந்தப் படத்தில் எங்கே? ஒன்றும் தெரியாது. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணனுடைய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சரி என்றேன். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸிலேயே தீர்மானித்தேன். எல்லாவற்றையும் பார்ப்பது. ஒன்று பாக்கியில்லாமல் பார்ப்பது. பார்த்து, வரி வரியாக எழுதி, அண்ணன் வாயில் வைப்பது.

5

காலண்டர் தாள்களை நான் எறிந்ததில்லை. கணவரிடம் சொல்லி, எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். எழுபதுக்கு மேல் பெயர்கள். எந்தப் படங்கள் என்று இங்கே எழுத மாட்டேன், ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். காலை ஒன்று, பகல் ஒன்று. அண்ணன் பக்கத்தில், நான் கொப்பியும் பேனாவுமாக. அண்ணி மரக்கறி வெட்டியபடி ஒரு கண்.

நான் பாடசாலையில் இப்படிப் படித்ததில்லை. பகிடி வந்தால் நிறுத்துவேன், எழுதுவேன், முதல் வரியைச் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்ப்பேன். அவர் பேசாமல் இருப்பார். சில நேரம் தலையை ஆட்டுவார், இது இல்லை என்பதுபோல. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்குப் படிப்பவளுக்கு எங்கே சிரிப்பு வரும்?

என் நம்பிக்கை முழுவதும் ஒரு கட்டத்தின் மேல் இருந்தது. அண்ணன் சொன்னவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளை தாலியை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிவிடுவான். பதறி ஓடிவந்து டைம்கீப்பரிடம் கேட்பான். அவர் நேரம் எழுதுகிற தாளைப் பார்த்துவிட்டு, “அந்த தாலி போயிருச்சு. அடுத்தது இருபது நிமிசத்துல வரும், கியூவில நில்லுங்க” என்பார். அதோடு கண்டக்டர் வேறு உள்ளே இருந்து மாப்பிள்ளையைப் பார்த்து ‘இஸ்ஸரஹாட்ட யன்ன’, முன்னால போங்க, முன்னால போங்க என்று கத்திக்கொண்டிருப்பார். தனியாகச் சிரிக்க வராத நானே இதை நினைத்து நினைத்துச் சலவைக்கூடத்தில் சிரித்திருக்கிறேன்.

தாளில் எழுதிய அந்தப் படத்தைப் போட்டோம். இரண்டரை மணி நேரம். மாப்பிள்ளை இருந்தான், தாலி இருந்தது. பஸ்ஸே இல்லை.

இணையத்தில் போடுகிறவர்கள் வெட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இன்னோர் இடத்தில் முழுப் படம் என்று போட்டிருந்ததைத் தேடி மறுபடி பார்த்தேன். இல்லை. அடுத்த படம், பல் டாக்டர் வீட்டுக்குத் திருடப் போனவன் பல் பிடுங்கிக்கொண்டு வரும் இடம். இல்லை. அதற்கடுத்தது. இல்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. முப்பது நாள் விசாவும் முடியப்போகிறது. விடுவதில்லை என்றுதான் நீட்டிக்கப் போனேன். இந்த ஊரில் எங்காவது பழைய சீடி வைத்திருப்பவன் இருப்பான், வீடு வீடாகப் போயாவது பிடிக்கிறேன் என்று இருந்தேன்.

6

விசா நீட்டித்த மறுநாள், அந்தக் கல்யாணப் படத்தை மூன்றாம் தடவை போட்டேன். அண்ணி பொறுக்க முடியாமல், எதைத்தான் தேடுகிறாய் என்று கேட்டார். பஸ்ஸில் தாலி விட்ட இடத்தை என்றேன். அதை வெட்டி எறிந்துவிட்டார்கள் படுபாவிகள் என்றேன்.

அண்ணி கத்தியைத் தட்டில் வைத்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“பத்மா, அது படத்துல இல்ல. அதை உங்கண்ணன் இந்தா இந்தக் கதிரையில உக்காந்து கட்டினாரு.”

நான் விளங்காமல் நின்றேன். அண்ணி சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. பதினைந்து வருடத்துக்கு முன் அண்ணன் ஏதோ ஞாபகத்தில், விளம்பரம் மட்டும் வந்திருந்த ஒரு படத்தைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். பார்த்தேண்ணே, முடிவு ரொம்ப ஜோர் என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் படம் வெளிவரவே இல்லையாம். அதற்குப் பிறகு சும்மா சோதிக்க ஒரு பொய்க் கட்டத்தைச் சொன்னாராம். ஆமாண்ணே, அந்த இடம்தான் என்றேனாம். சொன்னதோடு நிற்காமல் விழுந்து விழுந்து சிரித்தேனாம். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் அவருக்கு இதுதான் வேலை. விடிந்தால் கதிரையில் உட்கார்ந்து யோசிப்பார். அண்ணியிடம் சொல்லிப் பார்ப்பார். அண்ணிக்குச் சிரிப்பு வராவிட்டால் அழித்துவிட்டு வேறு கட்டுவார். எட்டு மணிக்கு அங்கே புள்ள எழும்பிவிடும், இன்னும் கதை ரெடியாகவில்லை என்று பதறுவாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்நாட்டுப் படத்தில் கண்டக்டர் ஏன் சிங்களத்தில் கத்துகிறார்? பதினைந்து வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு இது தோன்றவில்லை. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் வளர்ந்த கழுதைக்கு, பஸ் என்றால் கண்டக்டர் சிங்களத்தில்தான் கத்துவார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பொய்க்காரி என்று தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நானும் அவருகிட்ட அதைத்தான் கேட்டேன்” என்றார் அண்ணி. “‘கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு போனை எடுக்க மாட்டா. படம் பார்த்தேன்றது பொய்யா இருக்கட்டும், சிரிக்கிறது பொய்யில்ல’ன்னாரு.”

அண்ணன் பக்கம் திரும்பினேன். தப்புப் பண்ணிப் பிடிபட்டவரைப் போல வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக ஒவ்வொரு படத்துக்கும் ஏன் தலையாட்டினார் என்பதும் விளங்கியது. இல்லாத ஒன்றை நான் தேடுகிறேன் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இருக்கவில்லை. நான் தரையில் அவர் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, நான் ஒண்ணுமே பார்க்கல. ஒரு படமும் பார்க்கல. அத்தனையும் பொய்.”

அண்ணனுடைய வாய் ஒரு பக்கமாக ஏறியது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நோய் வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு என்று அண்ணி பிறகு சொன்னார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். டீவியில் அந்தக் கல்யாணப் படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, எழுந்து போய் நிறுத்தினேன்.

7

அன்று பின்னேரமே கவினுக்கு கோல் எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய பதினொன்றில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை என்றேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தனியாகச் சிரிக்க வரவில்லை என்றேன். நீ லீவுக்கு வரும்போது முதலாவதிலிருந்து தொடங்குகிறோம், பக்கத்தில் உட்கார வேண்டும், நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஓகே என்றான். அவனுடைய ஓகேயில் பல வகை உண்டு. இது நல்ல வகை என்றே எடுத்துக்கொண்டேன்.

பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அப்படியென்றால் நீங்கள் வரி எடுத்துக் கொடுக்க வேண்டாம், நானா புதிதாகக் கட்டட்டும், நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள், வார்த்தையை நீங்கள் நிரப்பிவிடக் கூடாது என்றார். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இருந்தாலும் வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்வது என்று முடிவெடுத்தேன். தினமும் காலை பத்து மணி, ஒரு மணி நேரம், டீவி கிடையாது.

முதல் வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் ‘பஸ்’ என்று வந்தது. ‘பாலம்’ வந்தது. அண்ணி இரண்டு நாள் ‘சரோ’ ஆனார், மூன்றாம் நாள் முழுப் பெயரும் வந்தது. அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் பெயருக்கு மட்டும் ‘வந்து… வந்து…’தான். இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. பத்து மணிக்கு நான் எதிரே உட்கார்ந்ததும் இடது கையைத் தூக்கி, பேசாதே என்று காட்டினார்.

“ஒரு… பொம்பளை” என்றார்.

அண்ணி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“லண்டன்… பொம்பளை.” நெற்றியில் வேர்வை. நான் என் கையை நானே பிடித்துக்கொண்டேன். “படம்… பார்க்க… வந்தா.”

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே இரண்டு பஸ் போய்விட்டன. அண்ணன் கையை விரித்தார். வார்த்தை வராமல் விரிக்கிற விரிப்பு அல்ல அது. பகிடி வருவதற்கு முன்பே கண் சிரிக்கத் தொடங்கியிருந்தது.

“படம்… இல்ல.”

“அப்புறம்?” என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அண்ணனிடம் இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எல்லாம் பார்த்தவள் எப்படிக் கேட்பாள்?

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ… இன்னும்… போகல” என்றார்.